ஆறு வயசுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குழுவால் நான் அடைந்த முன்னேற்றம்" என்று பேசச் சொன்னார்கள். அதைப் பேச எனக்கு முன்னால் பேசியவர்களே போதும். தையல் மிஷின், கறவை மாடு, இட்லி மாவு என்று எல்லாரும் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பின் பொருளாளர். பல வருஷமாகக் கணக்கு நோட்டோடு குடித்தனம் பண்ணுகிறவள். அதனால் இன்றைக்கும் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச நாளிலோ ஏதோ ஒரு குறைபாடு வந்துவிட்ட சின்னப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் ஒதுக்குகிற பணம் இருக்கிறதே, அது எந்தெந்தப் பையில் இருக்கிறது, நம்ம வாசலுக்கு எப்படி வருகிறது, எந்த இடத்தில் நின்று போகிறது என்ற கணக்கு.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மகள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயசு.

2013 ஆவணியில் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எடை கூடியதும் "கூட்டிட்டுப் போம்மா" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், பிள்ளையைப் பிழைக்க வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் இப்படிப் பிறந்த பிள்ளைக்கு எந்த மாசம் தலை நிற்கணும், எந்த மாசம் உட்காரணும், நிற்கலைன்னா எங்கே வரணும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கணும் என்றே எனக்குத் தெரியாது.

அஞ்சு மாசம் ஆகியும் தலை நிற்கவில்லை. மாமியாரிடம் சொன்னால், "உன் புருஷனும் ரெண்டு வயசுலதான்டி நடந்தான், அவசரப்படாத" என்றார். தனியார் டாக்டர் ஒருத்தரிடம் தூக்கிக்கொண்டு போனேன். டானிக் எழுதிக் கொடுத்து, "பொறுத்துப் பாருங்க, லேட்டா வரும்" என்றார். கோயிலில் கயிறு கட்டினேன். மணலில் குழி தோண்டி இடுப்பளவு நிற்க வைத்தால் காலுக்கு வலு வரும் என்று ஒரு பாட்டி சொல்ல, வெயிலில் அதையும் செய்தேன். பிள்ளை வீறிட்டு அழும். அந்த அழுகை இன்னமும் என் காதில் இருக்கிறது. இப்படியே இரண்டரை வருஷம் போச்சு.

அப்புறம்தான் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு ஜீப் வந்தது. அங்கன்வாடி டீச்சர், "உன் பொண்ணையும் தூக்கிட்டு வா" என்று ஆள் விட்டார். ஒரு லேடி டாக்டர் பாப்பாவின் கையை விரித்துப் பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார். சீட்டு எழுதிக்கொண்டே, "இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தீங்க?" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "வீட்லதான் மேடம் இருந்தோம்" என்றேன். மூளை முடக்குவாதம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டேன்.

அந்த ஜீப் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். 2013 பிப்ரவரியில், அதாவது என் மகள் பிறப்பதற்கு ஆறு மாசம் முன்னால், ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் தொடங்கியது. பேர்தான் வாயில் நுழையாது, வேலை நல்ல வேலை. பிறந்த குழந்தை முதல் 18 வயசு வரை. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சியில் தாமதம் என்று நாலு வகையில், தொடக்கத்தில் 30 பிரச்சினைகளைத் தேடிக் கண்டுபிடிக்கணும் என்று வைத்திருந்தார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரணும். கண்டுபிடித்த பிள்ளையை மாவட்டத்தில் இருக்கிற ஆரம்பகால இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பணும். அங்கே குழந்தை டாக்டர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு, காது கேட்டலுக்குப் பயிற்சி தருபவர், கண் பார்ப்பவர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும். எல்லாம் இலவசம். இதற்கான பணம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக வருகிறது. நூறு ரூபாயில் 60 ரூபாய் மத்திய அரசு, 40 ரூபாய் மாநில அரசு.

ஆக, பணம் இருந்தது. திட்டமும் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில்தான் இரண்டரை வருஷம் இருந்தது.

சிகிச்சை இலவசம் என்று சொன்னேன் இல்லையா? இப்போது பொருளாளர் கணக்கைக் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒன்றியத் தலைமையிடத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு இன்னொரு பஸ். போக வர எனக்கு 90 ரூபாய். பாலும் பன்னும் எனக்கு ஒரு சாப்பாடும் சேர்த்து 60. அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் போக முடியாது, கூலி போச்சு. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு வீடு. பயிற்சி நடக்கிறது முக்கால் மணி நேரம். ஒரு வருஷம் பேச்சுப் பயிற்சிக்கு ஆளே இல்லை, இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தொகுப்பூதியத்தில் வைத்தால் யார் நிற்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பேச்சுக்கு வேறு வழியில்லாமல் தனியாரிடம் போனேன். ஒரு தடவைக்கு 300 ரூபாய்.

வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. மாசம் அனுப்புவது சாப்பாட்டுக்கும் மூத்தவன் படிப்புக்கும் சரியாக இருக்கும். அப்போதுதான் எங்கள் குழுவுக்கு வங்கிக் கடன் வந்தது. கறவை மாடு வாங்க என்று சொல்லி 30,000 ரூபாய் வாங்கினேன். மாடும் வாங்கினேன். நிஜமாகவே வாங்கினேன். ஏழு மாசத்தில் விற்றுவிட்டேன். விற்ற பணம் முழுக்கப் பஸ்ஸுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போச்சு.

இதை இந்த மேடையில் சொல்லலாமா என்று நேற்று ராத்திரி வரைக்கும் யோசித்தேன். பொருளாளரே இப்படியா என்று யாராவது நினைக்கலாம். அப்போது நான் பொருளாளர் இல்லை, சாதாரண உறுப்பினர். இருந்தாலும் தப்பு தப்புதான்.

மூன்று தவணை கட்டவில்லை. குழுக் கூட்டத்தில் ஊக்குநர் அக்கா நேராகவே கேட்டார். "மாடு எங்கடி?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒருத்தி, "இவ கட்டலைன்னா அடுத்த கடன் நம்ம யாருக்கும் வராது" என்றாள். இன்னொருத்தி, "வருமானம் வராத செலவுக்குக் கடன் குடுக்கக் கூடாதுன்னு பயிற்சியிலயே சொன்னாங்கல்ல" என்றாள. இரண்டு பேரும் சொன்னது நியாயம். அவர்கள் பிள்ளைக்கும் ஃபீஸ் கட்டணும் இல்லையா? பாப்பா என் மடியில் இருந்தாள், வாயில் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காத மாதிரி முந்தானையால் துடைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் கடனுக்காகவா பிள்ளைக்காகவா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ரொம்ப நேரம் சத்தம். அப்புறம் ஊக்குநர் அக்கா ஒரு வார்த்தை கேட்டார்: "வாரத்துல ரெண்டு நாள்தானே? ஏன் நீயே போகணும்?" அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சந்தைக்குப் புளி கொண்டுபோகிற அக்கா ஒருத்தி, வாரம் ஒரு நாள் எப்படியும் டவுனுக்குப் போகிறவள், "செவ்வாக்கிழமை நான் தூக்கிட்டுப் போறேன்" என்றாள். "வருமானம் வராத செலவு" என்று சொன்னாளே, அவளேதான். தவணையைப் பாதியாகக் குறைத்து, காலத்தை நீட்டித் தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தீர்மான நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. கடனை முழுசாகக் கட்டி முடித்தேன், பதினாறு மாசம் கூடுதலாக ஆனது.

பாப்பா நாலரை வயசில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். ஆறு வயசில் நடைவண்டியைப் பிடித்து நடந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு. பேச்சு குழறும், பழகினவர்களுக்குப் புரியும். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. வலது கை மட்டும் இறுகியே இருக்கிறது. பயிற்சி கொடுத்த தம்பி ஒருநாள் சொன்னார்: "அக்கா, ஆறு மாசத்துல வந்திருந்தா இந்தக் கை இவ்வளவு இறுகியிருக்காது." அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. பொறுமையான பிள்ளை அவர். ஆனால் அந்த வார்த்தையோடுதான் நான் தினமும் அவளுக்குத் தலை பின்னுகிறேன்.

சின்ன வயசில் மூளை ஈர மண் மாதிரி. ஒரு பக்கம் அடிபட்டாலும் இன்னொரு பக்கம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். அதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. மழை பெய்த ஈரத்திலேயே விதைக்கணும் என்று நமக்குத் தெரியாதா? ஈரம் காய்ந்த பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பாதிதான் முளைக்கும்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையன் இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்து பிறந்தான். கிராம சுகாதார செவிலியர் பார்த்து, பத்தாம் நாளே அனுப்பிவிட்டார். வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றினார்கள். அப்புறம் ராத்திரி தூங்கும்போது போடுகிற விசேஷ பூட்ஸ், நாலு வயசு வரைக்கும். இப்போது அவன் கபடி ஆடுகிறான். அந்த மாவுக்கட்டுக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? அவன் வளைந்த காலோடே வளர்ந்து, பெரிய ஆபரேஷன், ஊன்றுகோல், மாச உதவித்தொகை என்று போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? குறைமாசத்தில் பிறக்கிற பிள்ளைகளின் கண்ணும் இப்படித்தான். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ எடை இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாகணும். பார்த்தால் பார்வையைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க இருட்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ குறைமாசக் குழந்தை இருந்தால் இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

காதுக்கும் அப்படியே. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு உள்காதில் கருவி வைக்கிற ஆபரேஷனை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் ஆறு வயசுக்குள் வரணும். "பேச்சு லேட்டா வரும், அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று ஏழு வயசு வரை உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயசு முதல் 14 வரை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்தது, பெரிய விஷயம். குழந்தைகளை வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்கணும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் இலவசக் கல்வி உரிமை அதிலும் 6 வயசு முதல் 18 வரைதான். ஆறு வயசுக்குக் கீழே? அரசியலமைப்பில் 45-ஆவது பிரிவு, அரசு "முயல வேண்டும்" என்கிறது. முயல வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். தவணை கட்ட முயற்சி பண்றேன்னு ஒருத்தி சொன்னால் நாம் நோட்டில் என்ன எழுதுவோம்?

பிள்ளைக்கு எந்த வயசில் அதிகம் தேவையோ அந்த வயசில் உரிமை கெட்டியாக இல்லை. உரிமை கெட்டியாக இல்லாத இடத்தில் பணமும் கெட்டியாக நிற்காது. பட்ஜெட்டில் கை வைக்கணும் என்றால் அங்கேதான் முதலில் வைப்பார்கள்.

இருக்கிற பணமும் ஒரே பையில் இல்லை. சுகாதாரத் துறையில் ஒரு பை, ஜீப்பும் மாவட்ட மையமும் அதில் வரும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் ஒரு பை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் மாசாமாசம் பராமரிப்பு உதவித்தொகையும் அதில். அந்த உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500-லிருந்து 2,000 ரூபாய் ஆனது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், கடுமையான பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையில் இன்னொரு பை. வட்டார வள மையத்தில் இயன்முறை சிகிச்சையும் சிறப்பாசிரியரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துப் பணம். ஆறு வயசு ஆகாத பிள்ளையையும் அங்கே தூக்கிக்கொண்டு போகலாம், இது பல பேருக்குத் தெரியாது. அங்கன்வாடி வேறு பை. 2023 நவம்பரில் அங்கன்வாடி டீச்சர்களுக்கென்று வழிகாட்டி நெறிமுறை ஒன்று வந்திருக்கிறது. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையை அங்கேயே அடையாளம் காண வேண்டும், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று. மத்திய அரசில் நேஷனல் டிரஸ்ட் என்று தனியாக ஒன்று, 1999 சட்டம். அதில் நிரமயா என்ற காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு இருக்கிறவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் வெளியே எடுக்கிற தெரபிக்கும் அதில் பணம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய். 300 ரூபாய்க்குப் பேச்சுப் பயிற்சிக்கு ஓடினேன் என்றேனே, அந்த இரண்டு வருஷமும் இந்தக் காப்பீடு இருந்தது. எனக்குத் தெரியாது.

அஞ்சு பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு விண்ணப்பம், ஒரு ஜெராக்ஸ் கடை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சு ஜன்னலுக்கும் ஓட வேண்டியது அம்மா.

பைக்குப் பை சண்டை வந்தாலும் அடி நமக்குத்தான். 2024-25-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்குத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று அந்த ஆண்டில் விடுவிக்கவில்லை. பேப்பரில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் நம்ம வட்டார வள மையத்தில் காலை நீட்டி விடுகிற பிசியோ தம்பியின் சம்பளமும் அதே தலைப்பில்தான் வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளணும்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்லணும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. 2021 ஜூனில் அங்கேயும் நாட்டில் இன்னும் 13 இடங்களிலும் எல்லாக் குறைபாட்டுக்கும் சேர்த்து ஒரே ஆரம்பநிலை மையம் திறந்தார்கள். நமக்கு முட்டுக்காடு ரொம்ப தூரம். அதைவிட நமக்குப் பக்கத்தில் வருவது தமிழ்நாடு உரிமைகள் திட்டம். உலக வங்கி 2022-ல் ஒப்புதல் கொடுத்த கடனை வைத்து, விழுதுகள் என்ற பேரில் எல்லாச் சேவையும் ஒரே இடத்தில் கிடைக்கிற மையங்களை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் அதில் முக்கியமான வேலை.

கடன் என்று சொன்னேன், கவனித்தீர்களா? நான் வாங்கிய 30,000-ஐ வருமானம் வராத செலவு என்று சொன்னோம். அரசாங்கமே இதே வேலைக்கு உலக வங்கியில் கடன் வாங்குகிறது. அவர்கள் அதை முதலீடு என்கிறார்கள். என் மகள் நாளைக்குத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டால், நான் கூலிக்குப் போக முடிந்தால், அது வருமானம் இல்லையா?

இனி நம்ம வேலை. நம்ம மாவட்டம் சாதாரண மாவட்டம் இல்லை. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது தர்மபுரியில்தான். சேமிப்பு, கடன் இரண்டுக்கும் நாம் வழி காட்டியவர்கள். இதிலும் காட்டலாம்.

ஒவ்வொரு வருஷமும் குழுக்களிடம் கேட்டு, கிராமத்துக்கான திட்டம் ஒன்று தயார் பண்ணி கிராம சபையில் வைக்கிறோம். அதில் உரிமைகள், அரசுத் திட்டப் பயன்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நாம் என்ன எழுதுகிறோம்? முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, வீடு. போன வருஷம் எங்கள் ஊராட்சிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறு வயசுக்குக் கீழே வளர்ச்சி தாமதமான பிள்ளை எத்தனை என்று ஒரு வரி இல்லை. நான்தான் பொருளாளர், நானே கேட்கவில்லை. இந்த வருஷம் கேட்டோம். நாங்கள் தேடின 14 குழுவில் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் மூன்று பேர் எந்த ஆபீஸ் நோட்டிலும் இல்லை.

அந்த ஏழு பேருக்காக, வட்டார வள மையத்தில் வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சி என்பதை இரண்டு நாளாக்கணும், பேச்சுப் பயிற்சியாளர் மாசத்துக்கு இரண்டு தடவையாவது ஒன்றியத்துக்கு வரணும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஒரு பெரியவர் எழுந்து, "ஏழு பிள்ளைக்கா இவ்வளவு?" என்றார். எங்கள் ஊக்குநர் அக்கா, "உங்க தெருவுல ஏழு வீட்டுக்குக் குழாய் கேட்டீங்களே மாமா, அப்போ எண்ணிக்கை பாத்தோமா?" என்றார். தீர்மானம் ஏறியது. நடக்குமா என்று கேட்காதீர்கள். ஏறியிருக்கிறது. நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்து பஸ் செலவு. டவுன் பஸ்ஸில் நமக்கும், மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகிறவருக்கும் 2021-லிருந்து இலவசம். ஆனால் மாவட்டத் தலைநகருக்குப் போகிற ரூட் பஸ்ஸில் அது செல்லாது. திட்டம் போடுகிறவர்கள் கட்டடத்துக்கும் பதவிக்கும் பணம் ஒதுக்குகிறார்கள், அம்மா எப்படி வந்து சேருவாள் என்று போதுமான அளவு யோசிப்பதில்லை. பயிற்சி பாதியில் நின்று போகிறது என்றால் பெரும்பாலும் அந்த 90 ரூபாயில்தான் நிற்கிறது. நம்ம கூட்டமைப்பிடம் நலிவு நிலை குறைப்பு நிதி இருக்கிறது. எங்கள் ஊராட்சியில் அதிலிருந்து இரண்டு அம்மாக்களுக்கு மாசம் 600 ரூபாய் வட்டியில்லாமல் கொடுக்கிறோம். பெரிய தொகை இல்லை, அதுவும் ஆறு மாசத்துக்குத்தான் தாங்கும். அரசாங்கம் செய்ய வேண்டிய செலவை நாம் ஏன் செய்யணும் என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். சரியான கேள்விதான். நாம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர்கள் மறந்துவிடுவார்கள். அதனால் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயையும் தனி நோட்டில் எழுதுகிறோம், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போவதற்காக.

அப்புறம் அடையாள அட்டை. அட்டை வந்தால்தான் சிகிச்சை என்று நினைத்துக் காத்திருக்கிறவர்கள் நிறைய. மாவட்ட ஆரம்பகால மையத்தில் பயிற்சிக்கு அட்டை வேண்டாம். உதவித்தொகைக்கும் சலுகைக்கும்தான் அட்டை. சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் தற்காலிகச் சான்றுதான் கொடுப்பார்கள், திரும்பப் போய்ப் புதுப்பிக்கணும். அலைச்சல்தான். ஆனால் அலைகிற காலத்தில் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. போன மாசம் எங்கள் குழுப் பொண்ணு ஒருத்திக்குப் பேரன் பிறந்து ஏழு மாசம். கூட்டத்துக்குத் தூக்கி வந்தாள். குழந்தையின் தலை தொங்கிக்கொண்டிருந்தது, கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டியாகவே வைத்திருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை சொன்னேன். குழந்தையின் அப்பன் வழிப் பாட்டி என்னைப் பார்த்து, "உன் பொண்ணு மாதிரியே எல்லாப் புள்ளையையும் நெனைக்காத" என்றாள். வலித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அந்தச் சின்னப் பொண்ணு, குழந்தையின் அம்மா, யாருக்கும் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள். நான் கூடப் போனேன். இப்போது மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். என்ன ஆகும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. நேற்றைக்கு முஷ்டியை விரித்து என் விரலைப் பிடித்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் மண்டபத்து வாசலில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு நோட்டு இருக்கும். உங்கள் குழுவில் ஆறு வயசுக்குக் கீழே தலை நிற்காத, உட்காராத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, பேச்சு வராத பிள்ளை இருந்தால் வந்து ஊர்ப் பேரையும் பிறந்த மாசத்தையும் மட்டும் சொல்லுங்கள். எந்த நாளில் எந்த மையம், எந்த பஸ் என்று எழுதித் தருகிறேன். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து யார் சந்தைக்குப் போகிறவர்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.